வண்டி கழுவின டீ

சோப்பு வாடை அடிக்கிற டீயை டம்ளர் காலியாகும்வரை குடித்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கீழே ஊற்றியிருக்கலாம். ஊற்றவிடாமல், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எதிரிலேயே நின்றார் அந்த அக்கா.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஏழெட்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடையில் டீ குடித்திருக்கிறேன், இருந்தும் தெரியாது. கேட்காமல் இல்லை. ஒருமுறை கேட்டேன். "பேரு தெரிஞ்சிகினு இன்னா பண்ணப்போற டிரைவரே, ரேஷன் கார்டா எழுதப்போற?" என்றார். அதற்குமேல் கேட்க எனக்கு ரோஷம் இடம்கொடுக்கவில்லை. ஊரில் எல்லாரும் டீக்கடையம்மா என்பார்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எனக்கு அவர் அக்கா.

எழுபதுகளின் கடைசியில் நான் ஆம்பூரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். வாரத்தில் ஆறு நாள் அந்த வேனில் தோல் போகும், ஏழாம் நாள் ஆள் போகும். டேனரியில் பதப்படுத்திய தோலை ஏற்றிக்கொண்டு போய் ஷூ கம்பெனியில் இறக்குவது என் வேலை. ஞாயிற்றுக்கிழமை கம்பெனியில் ஷூ தைக்கிற பெண்கள் எங்கேயாவது போகலாம் என்று கிளம்பினால் வேனின் முதலாளி பாய் மறுக்கமாட்டார். மாதனூரில் திரும்பி ஒடுகத்தூர் போய், அதையும் தாண்டி மலையடிவாரம்வரை மண் பாதையில் போனால் ஓர் ஓடை வரும். அது ஓர் இடத்தில் பாறையிலிருந்து இரண்டாள் உயரத்துக்கு விழும். அதை அருவி என்று சொன்னால் குற்றாலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அதுவே பெரிது. பாலாற்றில் மணலை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தலையில் தண்ணீர் விழுந்தாலே போதும்.

அக்காவின் கடை அந்த அருவிக்கு அரை ஃபர்லாங் கீழே, மண் பாதை ஓடையைக் கடக்கிற இடத்தில் இருந்தது. நாலு மூங்கில், மேலே ஓலை, ஒரு பெஞ்சு. பின்னால் பந்தல் போட்டு அவரைக் கொடி ஏற்றியிருந்தார். அந்தப் பந்தலடியில் இரண்டு பெரிய மண் தொட்டிகள் ஈரச் சாக்கு போர்த்திக்கொண்டு நிற்கும். மாட்டுக்குக் கழுநீர் என்று நான் நினைத்துக்கொண்டேன். கடையைத் தாண்டி ஓடை கீழே இறங்கினால் அவர்கள் ஊர். அறுபது எழுபது வீடு இருக்கும். குடிக்க, சமைக்க, மாட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அவர்களுக்கு அந்த ஓடைதான்.

அன்றைக்கு நான் முதல்முறை அங்கே போகிறேன். வழியெல்லாம் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள். சரோஜா என்று ஒரு பெண், வாய் சும்மா இருக்காது. "டிரைவரண்ணே, இன்னா இது, மாட்டு வயித்துக்குள்ள உக்காந்துகினு போற மாதிரி இருக்குது" என்றாள். வண்டியே குலுங்கிச் சிரித்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர்கள் அருவிக்குப் போனதும் வேனை ரிவர்ஸில் ஓடைக்குள் இறக்கினேன். கால்கிலோ சோப்புத்தூள் பொட்டலத்தில் ஒரு பிடி மீதி வைத்து மற்றதெல்லாம் கொட்டி, தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். ஆறு நாள் தோல் வாடை போக வேண்டுமே. நுரை மிதந்து கீழே போவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கை வலிக்க வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். பொட்டலத்தைப் பக்கத்தில் வைத்தேன். "ஒரு டீ போடுக்கா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வேனைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். பித்தளைக் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கி, சரியாக என் வேனுக்குக் கீழ்ப்பக்கம் நுரையை விலக்காமல் மொண்டார். குடத்தோடு கடைக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரத்தில் டீ வந்தது.

ஒரு வாய் குடித்தேன். "இன்னாக்கா டீ இது, சோப்பு வாடை அடிக்குது."

"ஆமா. உன் வண்டி கழுவின டீ."

"ஏன், வேற தண்ணி இல்லியா?"

"கீழ ஊர்ல இருக்கறவங்களும் அதத்தான் கேப்பாங்க. நீ போயி பதில் சொல்லிட்டு வர்றியா?" குரல் ஏறவே இல்லை. வெற்றிலை கேட்பதுபோலக் கேட்டார். "குடி டிரைவரே, ஆறிப்போவுது."

அதற்குள் சரோஜாவும் இன்னும் நாலு பேரும் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். அத்தனை பெண்கள் நடுவில் கீழே ஊற்றினால் மானம் போகும், குடித்தால் வயிறு போகும். வயிறு போனால் போகட்டும் என்று குடித்துவிட்டேன். மாதனூர் வரும்வரை ஏப்பத்தில் சோப்பு வந்தது. இனி இந்த ஜென்மத்தில் அந்தக் கடைப் பக்கம் போவதில்லை என்று சபதம் செய்தேன். அடுத்த ஞாயிறே போனேன், வண்டியை வீட்டிலேயே கழுவிக்கொண்டு.

அவர் சுபாவமே அதுதான். சண்டை போட மாட்டார், புத்தி சொல்ல மாட்டார், டம்ளரை நீட்டுவார். அவருக்குப் பால் ஊற்றுகிறவர் தூரத்துச் சொந்தம், மாமா முறை. பாலில் தண்ணீர் கலக்க ஆரம்பித்தார். ஒருநாள் அக்கா அந்தப் பாலையே தூள் போடாமல் சர்க்கரை போடாமல் சுடவைத்து ஒரு டம்ளர் கொடுத்தார். "குடி மாமா." மாமா குடித்தார். "எப்படி இருக்குது?" என்று கேட்டார். மாமா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு போனார். மறுநாளிலிருந்து பால் பாலாக வந்தது. மாமாவுக்கும் தினம் ஒரு டீ கிடைத்தது.

அக்காவின் வீட்டுக்காரர் ஒடுகத்தூரில் கடலை மூட்டை தூக்குகிறவர். அதிகம் பேசாத மனிதர். அவர் ஒருமுறை சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "கொழம்புல உப்பு ஜாஸ்தின்னு சொல்லிட்டேன் தம்பி, வாய வெச்சிகினு சும்மா இல்லாம. மூணு நாளு உப்பே போடாம குடுத்திச்சி. நாலாம் நாளு நானே கேட்டு வாங்கிக்கினேன்." சொல்லும்போது அவர் முகத்தில் குறையும் இருந்தது, பெருமையும் இருந்தது.

இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரே ஒருமுறை தெரிந்தது. அக்கா பிறந்த ஊர் பாலாற்றங்கரையில். நான் வண்டியில் தோல் ஏற்றுகிறவன் என்று பேச்சு வந்தபோது சொன்னார். "எங்க ஊர்ல கெணறு இருக்குது. தண்ணியும் நெறைய இருக்குது. வாயில வெக்க முடியாது. எங்கம்மா அதுலதான் எங்கள வளத்தாங்க. நான் கல்யாணம் ஆவுறதுக்குள்ள அது மஞ்சளாப்பூட்ச்சி." நான் தலை குனிந்துகொண்டேன். நான் ஓட்டுகிற வேனுக்கும் அந்தக் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அவர் கேட்கவில்லை.

என் சோப்பு டீ கதையைச் சரோஜா கம்பெனி முழுக்கப் பரப்பிவிட்டாள். அதனால் எங்கள் வண்டியில் வந்த பெண்கள் சோப்பைத் தொடவில்லை. யாராவது ஒருத்தி ரகசியமாக ஷாம்பூ பாக்கெட் பிரித்தாலும் மற்றவர்கள் பிடுங்கிவிடுவார்கள். "நீ தலைக்குப் போடுவ, நாங்க குடிக்கணுமா?" என்பார்கள். குளித்தவர் எல்லாரும் போகும்போது கீழ்க்கடையில் டீ குடித்துத்தான் ஆகவேண்டும் என்று அதை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டார் அக்கா. ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் எல்லார் கண்ணிலும் படும்படி குடத்தோடு ஓடையில் இறங்குவார். முன்னால் நிற்கிறவர்களிடம், "நீங்க குளிச்ச தண்ணிதான்" என்பார். சில பெண்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, "லேசா ஷாம்பூ வாடை வருதுக்கா" என்பார்கள். "வரும்" என்பார் அவர்.

ஆனால் எங்கள் ஒரு வண்டியோடு நிற்கிற விஷயமா அது? எண்பதுக்குப் பிறகு கூட்டம் சேர ஆரம்பித்தது. குடியாத்தத்திலிருந்து தறிக்காரர்கள் லாரி பிடித்து வந்தார்கள். வேலூரில் ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் மாதக்கணக்கில் தங்குகிற வடநாட்டு ஆட்கள், பொழுது போகாமல் டாக்ஸி எடுத்து வந்தார்கள். யாரைக் குறை சொல்ல? எல்லாரும் வாரம் பூரா மாடாக உழைத்துவிட்டோ, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டோ வந்தவர்கள். அண்டா அண்டாவாக பிரியாணி வரும். தின்ற இலையும் எலும்பும் தண்ணீரிலேயே போகும். பாட்டிலைப் பாறையில் உடைப்பார்கள். எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, குழந்தைகளை ஓடையோரமே ஒதுங்க விட்டு, சாயங்காலம் சந்தோஷமாகப் போவார்கள். ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேருக்கு அதில் நாலு காசும் கிடைத்தது. அவித்த வேர்க்கடலை, மாங்காய்ப் பத்தை, சுண்டல் என்று விற்றார்கள். கடலை விற்றவர்களில் மல்லிகா என்று ஒருத்தி, கைக்குழந்தைக்காரி.

ஒரு வருஷம் காணும் பொங்கலுக்குத் திருவிழா மாதிரி கூட்டம் வந்தது. மூன்றாம் நாள் கீழே ஊரில் வாந்தி பேதி. மல்லிகாவின் குழந்தையைத் துணியில் சுற்றி ஒடுகத்தூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, அங்கிருந்து பஸ்ஸில் வேலூருக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாள் கழித்துத்தான் அது கண் திறந்து சிரித்தது. அந்தப் பத்து நாளும் அக்கா கடையைத் திறக்கவில்லை. நான் போனபோது அடுப்பில் சாம்பல்கூட இல்லை. அந்தக் கூட்டத்தில் மூன்று வண்டி எங்கள் ஊர் வண்டி, அதில் ஒன்று என்னுடையது.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். மண் பாதையைக் குறுக்கே வெட்டிவிடுவது, ஒரு சைக்கிள்கூட வரக்கூடாது என்பது முடிவு. நாட்டாண்மைக்காரர் கடப்பாறையோடுதான் வந்திருந்தார். அன்றைக்கு நடந்ததை அக்காவின் வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். எல்லாரும் பேசி முடித்த பிறகு அக்கா எழுந்தாராம்.

"ஒரு வருஷம் குடுங்க. அடுத்த காணும் பொங்கல் சாயங்காலம், கூட்டம் போன பின்னால, மல்லிகாவே கீழ்த்துறைக்கு வந்து தண்ணிய குடிச்சிப் பாக்கட்டும். அவ வேணாம்னு சொன்னா நானே வெட்டறேன். மொதல்ல என் கடைய பிரிச்சிப் போட்டுட்டு வெட்டறேன்."

நாட்டாண்மைக்காரர் மல்லிகாவைப் பார்த்தார். மல்லிகா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒரு வருஷம்தான் பெரியம்மா, ஒரு நாளு ஜாஸ்தி கெடையாது" என்று சொன்னாளாம். அன்றோடு அவள் கடலை விற்பதையும் விட்டுவிட்டாள்.

அந்த ஒரு வருஷத்தில் அக்கா பட்ட பாடு எனக்குத் தெரியும், பாதி என்னையும் படுத்தினார். வண்டிகளை ஓடைக்கு இருநூறு தப்படி முன்னாலேயே புளிய மரத்தடியில் நிறுத்த வைத்தார். சோப்பு போட்டே ஆகவேண்டும் என்கிறவர்களுக்கு ஓடையை விட்டுத் தள்ளி வாழைத் தோட்டத்தில் ஒரு கல் போட்டுத் தந்தார். குளித்த தண்ணீர் வாழைக்குப் போயிற்று. வெளிக்கு ஒதுங்க ஓலை மறைப்புக் கட்டி, குழி எடுத்து, சாம்பல் கூடை வைத்தார். எச்சில் இலைக்கு ஒரு குழி. கடலை விற்கிற பெண்களே ஆளுக்கொரு பக்கம் நின்று வருகிறவர்களை வழி காட்டினார்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு வண்டிக்குமேல் புளிய மரத்தடியில் இடம் கிடையாது, பதின்மூன்றாவது வண்டி அடுத்த வாரம்.

ஒருநாள் சொன்னார். "மாசத்துல கடைசி ஞாயித்துக்கெழமை யாரும் வரக்கூடாது. ஆம்பூர்ல எல்லா வண்டிக்காரங்கிட்டயும் நீ சொல்லிடு."

"ஏன்க்கா, அன்னிக்கு இன்னா?"

"ஓடைக்கு லீவு. உங்க கம்பெனிக்கு மட்டும்தான் லீவு உண்டா?"

நான் போய்ச் சொன்னேன். வண்டிக்காரர்கள் என்னைப் பைத்தியம் என்றார்கள். "டேய், ஓடைக்கு லீவாம்டா" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்று கோபம் வரும். ஆனால் கடைசி ஞாயிறு நம்பாமல் போன இரண்டு பேர் திரும்பி வந்த பிறகு சிரிப்பதை விட்டுவிட்டார்கள். என்ன நடந்தது என்று கேட்டேன். ஒருவன் சொன்னான்: "டீ குடுத்தாங்கடா." அவ்வளவுதான் சொன்னான்.

எல்லாரிடமும் அவர் அப்படி இல்லை. அந்த வருஷம் மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிறு, ஆஸ்பத்திரி டாக்ஸியில் ஒரு வடநாட்டுக்காரர் வந்தார். ஐம்பது வயசிருக்கும். பெண்சாதிக்கு ஏதோ பெரிய ஆபரேஷன் என்று டாக்ஸிக்காரன் சொன்னான். அவர் கையில் எண்ணெய்ப் புட்டி, சோப்பு, துண்டு. யார் சொன்ன பேச்சும் அவருக்குப் புரியவில்லை. நேராக ஓடையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, எண்ணெய் தேய்க்காமல், சோப்பும் போடாமல், கையில் அவற்றை வைத்துக்கொண்டே அழுதார். சத்தம் போட்டு அழுதார். கடலைக்காரிகள் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா இறங்கிப் போய் அவர் கையிலிருந்த புட்டியையும் சோப்பையும் மட்டும் மெதுவாக வாங்கி வந்து பெஞ்சில் வைத்தார். அவர் கரையேறியதும் டீ கொடுத்தார். அன்றைக்குக் குடத்தோடு ஓடையில் இறங்கவில்லை. பின்பக்கம் போய் நேராக டீயோடு வந்தார். எப்படி இருக்குது என்றும் கேட்கவில்லை. எனக்கு அது வித்தியாசமாகப் பட்டது, ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

காணும் பொங்கல் வந்தது. எனக்கு முதல் நாளே சோறு இறங்கவில்லை. பாதையை வெட்டினால் என் ஞாயிற்றுக்கிழமை வேறு எங்காவது ஓடும், அது பெரிதில்லை. அந்த அக்கா கடையைப் பிரித்துப் போட்டுக் கடப்பாறை எடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. விடிவதற்குள் போய்ப் புளிய மரத்தடியில் நின்றுகொண்டேன். பன்னிரண்டு வண்டி உள்ளே வந்தது. அதற்குமேல் வந்தவற்றை நானும் அக்காவின் வீட்டுக்காரரும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினோம். கும்பிட்டுக் கும்பிட்டு அவருக்குத் தோள் பிடித்துக்கொண்டது.

மூன்று மணிக்கு, காலையில் வந்த ஒரு வண்டி கிளம்பி இடம் விட்ட நேரத்தில், ஒரு லாரி வந்தது. பதப்படுத்தாத பச்சைத் தோல் ஏற்றி இறக்கிய லாரி, தளமெல்லாம் உப்பும் ரத்தக் கறையும். டிரைவர் எனக்குத் தெரிந்தவன்தான், தோஸ்த் என்றே சொல்லலாம். குடும்பத்தோடு வந்திருந்தான். "ஆளுங்கள எறக்கிட்டு அப்பிடியே ஓடையில வுட்டு ஒரு அலசு அலசிட்றேன்" என்றான். அந்த உப்பு ஒன்று போதும், சாயங்காலம் எல்லாம் முடிந்துவிடும்.

திட்டினால் முறைத்துக்கொண்டு வேண்டுமென்றே செய்வான். அக்கா பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் தூரத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். நான் அவர் மாதிரியே குரலை ஏற்றாமல் சொன்னேன்: "அலசிக்கடா. ஆனா இங்க ஒரு முறை இருக்குது. வண்டி கழுவினவன் அந்தத் தண்ணியில டீ குடிக்காம போவ முடியாது. உன் பொண்டாட்டி புள்ளைக்கும் சேத்துத்தான் போடுவாங்க."

அவன் சிரித்தான். பிறகு லாரித் தளத்தைப் பார்த்தான். தன் சின்னப் பெண்ணைப் பார்த்தான். "நெஜமாவா சொல்ற?" என்றான்.

"நான் குடிச்சிருக்கேன்டா. மாதனூர் வரிக்கும் ஏப்பம்."

"இன்னாடா பேஜார் புடிச்ச ஊரு" என்று முணுமுணுத்துக்கொண்டே லாரியை ரிவர்ஸ் எடுத்து ரோட்டோரம் நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு நடந்து வந்தான்.

கூட்டம் கலையும்போது வெயில் மலைக்குப் பின்னால் போயிருந்தது. ஊர்க்காரர்கள் கீழ்த்துறைக்கு வந்து நின்றார்கள். நாட்டாண்மைக்காரர் கடப்பாறையை மறக்காமல் கொண்டுவந்திருந்தார். மல்லிகா குழந்தையை அக்கா கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

மல்லிகா ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்தாள். கொட்டினாள். மறுபடி அள்ளி வாயில் வைத்தாள். கொப்பளித்துத் துப்பினாள். மூன்றாம் முறை அள்ளிக் குடித்தாள். முழுங்கிவிட்டு, இன்னொரு கை அள்ளி அதையும் குடித்தாள்.

"எப்படிமா இருக்குது?" என்றார் நாட்டாண்மைக்காரர்.

"தழை வாடை வருது. மலையில எல தழை வுழுந்திருக்கும்." முந்தானையால் வாயைத் துடைத்தாள். "வேற ஒண்ணும் இல்ல." கரையேறி வந்து அக்காவிடம் குழந்தைக்காகக் கையை நீட்டினாள். "நாளைக்குக் கடலை அவிக்கலாமா பெரியம்மா?" என்றாள்.

அக்கா குழந்தையைக் கொடுத்துவிட்டு அப்படியே கரையில் உட்கார்ந்தார். நாட்டாண்மைக்காரர் கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு, "தூக்கினு வந்ததுதான் மிச்சம்" என்று சொல்லி வீட்டுக்குப் போனார். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. லாரிக்கார தோஸ்த் என்னைப் பார்த்து, "இன்னாடா ஆச்சி உனக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாரும் போன பிறகு நான் கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். "ஒரு டீ போடுக்கா. இன்னிக்கு உன் ஓடைத் தண்ணிய எவ்வளவு வேணா குடிக்கலாம்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்காரரும் தோளைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"டிரைவரே, இத்தினி வருசமா நீ ஒருநாளும் இந்த எடத்துல ஓடையில மொண்ட தண்ணியில டீ குடிச்சதே இல்ல."

பந்தலடிக்குக் கூட்டிக்கொண்டு போய், ஈரச் சாக்கை விலக்கிக் காட்டினார். நான் கழுநீர் என்று நினைத்த இரண்டு தொட்டியிலும் தண்ணீர், அடியில் கிடந்த கூழாங்கல் தெரிகிற மாதிரி. விடிகாலையில், ஒரு வண்டியும் வருவதற்கு முன்னால், அருவிக்கும் மேலே போய் மொண்டு வந்து வைக்கிற தண்ணீர். எல்லாருக்கும் எல்லா நாளும் டீ அதில்தான்.

"அப்ப கொடத்துல மொண்டுகினு போவியே, அது?"

"தோ, இதுக்கு" என்று அவரைக் கொடியைத் தொட்டுக் காட்டினார். அந்த ஜில்லாவில் வேறு எங்கும் அவ்வளவு காய் காய்த்த பந்தலை நான் பார்த்ததில்லை. அது ஏன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நாலு ஊர்லேர்ந்து நம்பி வர்றவங்களுக்கு அழுக்குத் தண்ணியில டீ போட்டுக் குடுப்பனா நானு? பைத்தியமா எனக்கு? எங்கம்மா அப்படியா வளத்தாங்க?"

"ஷாம்பூ வாடை வருதுன்னு சொன்னாங்களே பொண்ணுங்க?"

"அவங்க போட்டது அவங்களுக்குத் தெரியுமில்ல."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்ப என் டீயில வந்திச்சே, அது? மாதனூர் வரிக்கும் ஏப்பம் வந்திச்சே?"

அவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "அது நெஜம்தான். பெஞ்சி மேல வெச்சிருந்தியே பொட்டலம், நீ வண்டிய பாத்துகினு இருந்தப்ப அதுலேர்ந்து ஒரு சிட்டிகை. உனக்கு மட்டும்தான். வேற யாருக்கும் போட்டதில்ல. போட்டுட்டு நானே பயந்துட்டேன், அடுத்த ஞாயிறு நீ உசுரோட வந்து நிக்கற வரிக்கும்."

எட்டூருக்குச் சொல்லித் திரிந்த என் வீரமெல்லாம் ஒரு சிட்டிகை சோப்புத்தூள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? திட்டத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. இருமி, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தேன். என் தலையில் அத்தனை வருஷம் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒரு பாரம் அந்தப் பந்தலடியில் இறங்கிப் போயிற்று.

அவர் பித்தளைக் குடத்தை எடுத்தார். ஓடைக்கு இறங்கி, மல்லிகா குடித்த அதே இடத்தில் மொண்டு வந்தார். இந்த முறை பந்தலுக்குப் போகவில்லை. என் கண் முன்னால் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தார். நூற்று ஐம்பது பேருக்கு மேல் குளித்துவிட்டுப் போன ஓடைத் தண்ணீர், காணும் பொங்கல் சாயங்காலம். தண்ணீர் கொதித்தது, தூள் போட்டார், பால் ஊற்றினார். நான் வைத்த கண் வாங்காமல் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை மட்டும்தான் போட்டார்.

மூன்று டம்ளரில் ஊற்றி, முதலில் தான் ஒரு வாய் குடித்தார். பிறகு எனக்கு நீட்டினார்.

"எப்படி இருக்குது?"

"வெறும் டீதான்க்கா" என்றேன்.

"இன்னொன்னு குடி" என்றார்.